எக்செல்லில் வரிசைகளை இழுத்தால் ஷீட் தறிகெட்டு ஓடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மௌஸை அழுத்திப் பிடித்து வரிசைகளைத் தேர்வு செய்துகொண்டே வருகிறீர்கள். திரையின் அடிப்பக்கம் வந்ததும் ஷீட் தானாக நகரத் தொடங்குகிறது. 480-வது வரிசையில் நிற்க வேண்டியது, சுதாரிப்பதற்குள் 1,900-ஐத் தாண்டிவிடுகிறது. பதறிப்போய் மேலே இழுத்தால் அதே வேகத்தில் தலைப்பு வரிசைக்கே ஏறிவிடுகிறது. ஆம்பூரில் தோல் கணக்கு எழுதுபவர், குடியாத்தத்தில் பள்ளி அலுவலகத்தில் இருப்பவர், ஆற்காட்டில் அரிசி மண்டி பில் போடுபவர் என்று வேலூர் வட்டாரத்தில் எக்செல்லோடு மல்லுக்கட்டுகிற எல்லோரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இதைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

ஒரு சின்ன விஷயம். செல் முகவரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஏ2 என்று இருந்தால் நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். தமிழ் கீபோர்டு ஆன் ஆகியிருந்தால் எக்செல் அதை முகவரியாக எடுத்துக்கொள்ளாது.

சார், இந்த வேகத்தைக் குறைக்க செட்டிங் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய் அட்வான்ஸ்டு பகுதியை மேலிருந்து கீழ்வரை படித்தாலும் கிடைக்காது. எக்செல் இதற்கென்று ஒரு அளவுகோலைப் பயனர் கையில் கொடுக்கவில்லை.

விண்டோஸ் செட்டிங்ஸில், மௌஸ் பகுதியில், ஒரு முறை சக்கரத்தை உருட்டினால் எத்தனை வரி நகர வேண்டும் என்று ஒரு எண் இருக்கும். வழக்கமாக 3. அதை 1 ஆக்கிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று திரும்ப வருபவர்கள் உண்டு. அந்த எண் சக்கரத்துக்கு மட்டும்தான். பட்டனை அழுத்திக்கொண்டு இழுக்கும்போது ஓடுவது வேறு கணக்கு. அதே இடத்தில் இருக்கும் பாயின்டர் வேகத்தைக் குறைத்தால் மட்டும் கொஞ்சம் பலன் தெரியும். அம்புக்குறி மெதுவாக நகரும், விளிம்பில் நிறுத்துவது சுலபமாகும். ஆனால் மற்ற வேலைகளிலும் அம்புக்குறி ஊர்ந்துகொண்டுதான் போகும், யோசித்து மாற்றுங்கள்.

அப்படியென்றால் வேகத்தை எது முடிவு செய்கிறது?

அம்புக்குறி கட்டங்களின் விளிம்பைத் தாண்டி எவ்வளவு தூரம் வெளியே போயிருக்கிறது என்பதுதான். விளிம்பை ஒட்டி இருந்தால் மெதுவாக நகரும். தூரம் கூடக் கூட வேகம் கூடும். அம்புக்குறி கட்டங்களுக்குள் திரும்பி வந்ததும் ஓட்டம் நின்றுவிடும்.

ஒரு காலி ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு வரிசை எண்ணை அழுத்திப் பிடித்துக் கீழே இழுங்கள். கட்டங்களுக்குக் கீழே முதலில் ஷீட் பெயர்கள் இருக்கும் பட்டை, அதற்குக் கீழே ஸ்டேட்டஸ் பார், அதற்கும் கீழே விண்டோஸின் டாஸ்க்பார். அம்புக்குறி ஷீட் பெயர் பட்டையின் மேல் விளிம்பைத் தொட்டதும் கையை நிறுத்துங்கள். வரிசைகள் நிதானமாக வரும். ஸ்டேட்டஸ் பாருக்கு இறக்கினால் வேகம் எடுக்கும். டாஸ்க்பாருக்குப் போனால் பாய்ச்சல்தான். அங்கிருந்து பட்டனை விடாமலேயே அம்புக்குறியை மேலே, ஷீட் பெயர் பட்டைக்குக் கொண்டுவாருங்கள். மறுபடி நிதானமாகும். ஆக, உங்கள் கையில் ஆக்ஸிலரேட்டர் இருக்கத்தான் செய்கிறது. அது இருக்கும் இடம் திரையின் அடியில் ஒரு விரல் அகலம்தான், அதுதான் தொல்லை.

மேலே இழுக்கும்போது நிலைமை வேறு. நெடுவரிசை எழுத்துகள், ஃபார்முலா பார், அப்புறம் மெனு பட்டன்கள் இருக்கும் ரிப்பன் என்று மேலே நிறைய இடம் இருப்பதால் கை தாராளமாகப் போய்விடும், ஷீட்டும் அதற்கேற்பப் பாயும். மேல்நோக்கி இழுப்பவர்கள் நெடுவரிசை எழுத்துகள் இருக்கும் பட்டையைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

இழுக்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஓடும் கட்டங்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஃபார்முலா பாரின் இடது முனையில், சாதாரணமாக செல் முகவரி தெரியும் சின்னப் பெட்டி இருக்கிறதே, நேம் பாக்ஸ், அதைப் பாருங்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போது அதில் 480ஆர் × 6சி என்ற மாதிரி வரும். 480 வரிசை, 6 நெடுவரிசை தேர்வாகியிருக்கிறது என்று பொருள். பட்டனை விட்டதும் அது மறைந்து முதல் செல்லின் முகவரி வந்துவிடும்.

விண்டோவைச் சின்னதாக்கினால் வேகம் குறையுமா?

குறையாது. ஆனால் விண்டோவுக்குக் கீழே காலி இடம் கிடைப்பதால் மெதுவுக்கும் வேகத்துக்கும் நடுவில் கையை வைக்க இடம் கிடைக்கும். இழுத்தே தீருவேன் என்பவர்களுக்கு நல்ல வழி.

எனக்கு 3,000 வரிசை வேண்டும். மெதுவாக இழுத்தால் சாயங்காலம் ஆகிவிடாதா?

ஆகும். அதனால்தான் ஒரு திரைக்கு மேல் போகும் எதையும் இழுக்க வேண்டாம் என்று சொல்கிறோம். ஆரம்பத்தையும் முடிவையும் காட்டினால் எக்செல் நடுவில் இருப்பதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் ஃபினிஷ்டு லெதர் விற்பது சதுர அடிக் கணக்கில். ஒவ்வொரு தோலும் அளவு மெஷினில் போய் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுதியில், ஆயிரக்கணக்கில் தோல் இருந்தால் ஷீட்டும் அத்தனை நீளம். அதில் ஒரு லாட்டை மட்டும் எடுத்து பேக்கிங் லிஸ்ட்டுக்கு மாற்ற வேண்டும். லாட்டின் முதல் செல்லில் ஒரு கிளிக். பிறகு மௌஸ் பட்டனை விட்டுவிடுங்கள். வலது ஓரத்து ஸ்க்ரோல் பாரைப் பிடித்து, லாட் முடியும் இடத்துக்குப் போங்கள். பாரை இழுக்கும்போது எந்த வரிசையில் இருக்கிறீர்கள் என்று பக்கத்திலேயே எண் தெரியும். கடைசி செல் கண்ணில் பட்டதும் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அதில் கிளிக். முடிந்தது. நடுவில் நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தாலும் முதல் கிளிக் அப்படியே இருக்கும், வேறு செல்லைத் தொடாமல் இருந்தால் சரி.

முழு வரிசையும் வேண்டுமென்றால் செல்லுக்குப் பதில் இடது ஓரத்து வரிசை எண்களில் இதையே செய்யுங்கள்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே இருக்க முடியாதவர்கள் முதல் செல்லில் கிளிக் செய்துவிட்டு எஃப்8 அழுத்தலாம். ஸ்டேட்டஸ் பாரில் எக்ஸ்டெண்ட் செலக்ஷன் என்று வரும். அதற்கப்புறம் எங்கே கிளிக் செய்தாலும் தேர்வு அங்கே வரை நீளும். தவறான இடத்தில் கிளிக் செய்தாலும் பரவாயில்லை, சரியான இடத்தில் மறுபடி ஒன்று, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் எஸ்கேப் அழுத்த மறக்காதீர்கள். மறந்தால் அடுத்து எதைத் தொட்டாலும் தேர்வு பரவும், "இன்னா சார், ஷீட்டுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று போன் வரும்.

எந்த வரிசையிலிருந்து எந்த வரிசை வரை என்று எனக்குத் தெரியும். அப்போதும் இப்படியெல்லாம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். நேம் பாக்ஸில் கிளிக் செய்து 2:3000 என்று அடித்து எண்டர். 2 முதல் 3,000 வரை முழு வரிசைகள் தேர்வாகிவிடும். ஏ முதல் எச் வரை மட்டும் போதுமென்றால் ஏ2:எச்3000. ஸ்க்ரோலே இல்லை, வேகப் பிரச்சினையும் இல்லை. எங்களைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் உத்தமம். ஆனால் மௌஸுக்குப் பழகிய கை அந்தப் பெட்டிப் பக்கம் போவதே இல்லை.

முதல் செல்லில் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றால் நேம் பாக்ஸில் கடைசி செல்லின் முகவரியை மட்டும் அடித்து ஷிஃப்ட் + எண்டர். நிற்கும் இடத்திலிருந்து அங்கே வரை தேர்வாகும்.

கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கீழ் அம்பு போட்டால் சில சமயம் பாதியில் நிற்கிறது, சில சமயம் பாதாளத்துக்கே போய்விடுகிறது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் காலி செல்தான்.

தகவல் இருக்கும் செல்லில் நின்று அதை அழுத்தினால், தொடர்ச்சியாகத் தகவல் இருக்கும் வரை போய், காலி செல்லுக்கு முன்னால் நிற்கும். நீங்கள் நிற்கும் செல்லுக்குக் கீழே எல்லாமே காலி என்றால் ஷீட்டின் கடைசி வரை போகும். எக்செல் 2007 முதல் அந்தக் கடைசி வரிசை 10,48,576. எக்செல் 97 முதல் 2003 வரையிலான பதிப்புகளில் 65,536.

நம் ஊர்க் கணக்கு ஷீட்டுகளில் இது அடிக்கடி கழுத்தை அறுக்கும். லாட் எண்ணை முதல் வரிசையில் மட்டும் எழுதிவிட்டுக் கீழே உள்ளதையெல்லாம் காலியாக விடுவது நோட்டுப் புத்தகக் காலத்துப் பழக்கம். பார்ட்டி பெயரும் அப்படித்தான், முதல் பில்லுக்கு மட்டும் இருக்கும். அந்த நெடுவரிசையில் நின்று இந்தக் குறுக்குவழியை அழுத்தினால் அடுத்த லாட்டின் தலையில் போய் இடிக்கும். வரிசை எண், பில் எண், சதுர அடி மாதிரி இடைவெளியே இல்லாமல் நிரம்பியிருக்கும் நெடுவரிசையில் நின்று கீழே போங்கள். பிறகு ஷிஃப்ட்டை விடாமல் வலது அம்பை அழுத்தி மற்ற நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் முழுவதும் வேண்டுமென்றால் உள்ளே ஏதாவது ஒரு செல்லில் நின்று கண்ட்ரோல் + ஏ. அங்கங்கே ஒன்றிரண்டு காலி செல் இருந்தால் பாதகமில்லை. நடுவில் ஒரு வரிசையே முழுக்கக் காலியாக இருந்தால்தான் அதைப் பட்டியலின் முடிவாக எடுத்துக்கொள்ளும். அழகுக்காக மாதத்துக்கு ஒரு காலி வரிசை விடுபவர்கள் அதற்குப் பதிலாக அந்த வரிசையின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது கோடு போட்டுக்கொள்ளலாம்.

பாதாளத்துக்குப் போய்விட்டால் பதற வேண்டாம். கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் அழுத்தினால் தேர்வு கலையாமல், தொடங்கிய செல் திரைக்கு வரும்.

பழைய வேலூர் மாவட்ட முகவரிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் மாவட்டத்தை மாற்ற இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது.

இது இந்த வட்டாரத்துக்கே உரிய கேள்வி. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன் எழுதிய வாடிக்கையாளர் பட்டியல், பழைய மாணவர் பட்டியல், சங்க உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றிலும் ஆம்பூருக்கும் வேலூர் மாவட்டம்தான், அரக்கோணத்துக்கும் வேலூர் மாவட்டம்தான். இன்று ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, திருப்பத்தூர் ஆகியவை திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், நெமிலி எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேர்ணாம்பட்டு வேலூரிலேயே இருக்கின்றன.

பலர் செய்வது, ஒரு செல்லில் திருப்பத்தூர் என்று அடித்துவிட்டு, செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்து இழுப்பது. ஷீட் ஓட, கை நிற்க மறுக்க, குடியாத்தத்துக்காரர் பாதிப் பேர் திருப்பத்தூருக்கு மாறிவிடுவார்கள். இழுக்கவே வேண்டாம். பட்டியலுக்கு ஃபில்டர் போடுங்கள், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எல். வட்டம் என்ற நெடுவரிசையில் ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, திருப்பத்தூர் நான்கை மட்டும் டிக் செய்யுங்கள். மாவட்ட நெடுவரிசையில் தலைப்புக்குக் கீழே தெரியும் முதல் செல்லில் நின்று கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கீழ் அம்பு. எல்லாவற்றிலும் வேலூர் என்று நிரம்பியிருப்பதால் கடைசி வரை சரியாகப் போகும். இப்போது ஆல்ட் + செமிகோலன். கண்ணுக்குத் தெரியும் செல்கள் மட்டும் தேர்வில் இருக்கும், மறைந்திருப்பவை விலகிவிடும். திருப்பத்தூர் என்று அடித்து, வெறும் எண்டருக்குப் பதில் கண்ட்ரோல் + எண்டர். தேர்வில் உள்ள எல்லா செல்லிலும் ஒரே தடவையில் விழுந்துவிடும். ராணிப்பேட்டைக்கும் இதே கதை.

வட்டம் என்று தனி நெடுவரிசை இல்லை, பின்கோடு மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் கவனமாக இருங்கள். 632-ல் தொடங்கினால் வேலூர், 635-ல் தொடங்கினால் திருப்பத்தூர் என்று ஃபில்டர் போடத் தோன்றும். ஆம்பூர் 635802, அது சரிதான். ஆனால் பேர்ணாம்பட்டு 635810, அது வேலூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜாவும் 632-தான், அவை ராணிப்பேட்டை. பின்கோடு தபால்துறையின் பிரிவு, மாவட்ட எல்லை பிரிந்ததற்காக அது மாறவில்லை. வெளியூர் முகவரிகளும் கலந்திருந்தால் சிவகங்கை மாவட்டத்து திருப்பத்தூர் இதில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போதும் இதே ஓட்டம். அதற்கு?

அந்தச் சின்னச் சதுரத்தை இழுக்காமல் இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். பக்கத்து நெடுவரிசையில் தகவல் இருக்கும் வரை தானே நிரப்பிக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் நேம் பாக்ஸில் வரம்பை அடித்துத் தேர்வு செய்துவிட்டுக் கண்ட்ரோல் + டி. மேல் செல்லில் இருப்பது கீழே வரை போகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. செல்லில் வேலூர்-632001 என்று ஊர்ப் பெயரும் பின்கோடும் சேர்ந்து இருந்தால், இழுத்தாலும் சரி, இரட்டை கிளிக் செய்தாலும் சரி, அடுத்த செல் 632002, அதற்கடுத்தது 632003 என்று எண் ஏறிக்கொண்டே போகும். எழுத்தும் கடைசியில் எண்ணும் இருந்தால் எக்செல் அதைத் தொடர் என்று எடுத்துக்கொள்கிறது. லாட் எண்ணுக்கு இது வசதி, முகவரிக்கு வினை. கல்யாணப் பத்திரிகைக்கு லேபிள் அச்சடிக்கும்போது இது கண்ணில் படாமல் போனால் தபால்காரர் பாடு திண்டாட்டம். கண்ட்ரோல் + டி போட்டால் அப்படியே நகலாகும். இழுக்கத்தான் வேண்டுமென்றால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுங்கள்.

கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு மேல் அம்பு, ஒவ்வொரு வரிசையாகக் குறையும். நிறையத் தாண்டியிருந்தால் சரியான கடைசி வரிசைக்குப் போய் ஷிஃப்ட் + கிளிக், தேர்வு அங்கேயே சுருங்கி நிற்கும். தேர்வின் நாலு மூலையையும் சரிபார்க்க கண்ட்ரோல் + புள்ளி. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்த மூலைக்குத் தாவும், தேர்வு கலையாது. நடுவில் ஒரு செல் மட்டும் வேண்டாம் என்றால் எக்செல் 2019, மைக்ரோசாஃப்ட் 365 ஆகியவற்றில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு அதைக் கிளிக் செய்தால் விலகிவிடும்.

என் ஷீட்டில் 600 வரிசைதான். ஆனால் ஸ்க்ரோல் பாரைத் தொட்டாலே 40,000-க்குப் போகிறது.

எக்செல் கணக்கில் உங்கள் ஷீட் 600 வரிசை இல்லை. கண்ட்ரோல் + எண்ட் அழுத்திப் பாருங்கள். எங்கே போய் நிற்கிறதோ அதுதான் ஷீட்டின் கடைசி என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. எப்போதோ ஒருமுறை இழுக்கும்போது ஓடிப்போய், அந்த வேகத்திலேயே பார்டரோ கலரோ போட்டிருப்பார்கள். தகவல் இல்லாவிட்டாலும் அந்த அலங்காரம் இருக்கும் இடம் வரை ஷீட் என்றுதான் அர்த்தம். ஸ்க்ரோல் பாரின் கைப்பிடியும் அதற்கேற்றபடி குட்டியாகச் சுருங்கி, ஒரு மயிரிழை அசைத்தாலும் நூற்றுக்கணக்கான வரிசை நகரும்.

601-வது வரிசை எண்ணில் கிளிக் செய்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கீழ் அம்பு, பிறகு ரைட் கிளிக் செய்து டெலீட். வெறும் டெலீட் கீயை அழுத்தினால் உள்ளே இருப்பது மட்டும்தான் அழியும், அலங்காரம் போகாது, அதனால் ரைட் கிளிக் மெனுதான் வேண்டும். அப்புறம் ஃபைலைச் சேமியுங்கள். பார் மறுபடி பெரிதாகும், ஃபைல் அளவும் குறையலாம்.

600-க்குக் கீழே போகவே முடியாதபடி தடுக்க முடியுமா?

முடியும், இரண்டு விதமாக.

எளிய வழி, கீழே உள்ள காலி வரிசைகளை மறைப்பது. மேலே சொன்ன மாதிரியே 601 முதல் கடைசி வரை தேர்வு செய்து கண்ட்ரோல் + 9. அதற்கப்புறம் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் 600-ல் சுவர். தினமும் புதிய வரிசை சேரும் ஷீட்டுக்கு இது சரிப்படாது. முடிந்துபோன மாதக் கணக்கு, அளவெடுத்து முடித்த லாட், இவற்றுக்கு நல்லது.

இன்னொன்று, ஆல்ட் + எஃப்11 அழுத்தி, எக்செல்லுக்கு நிரல் எழுதும் இடமான விபிஏ பக்கத்தைத் திறந்து, இடது பட்டியலில் ஷீட்டைத் தேர்வு செய்து, எஃப்4 அழுத்தினால் வரும் பண்புகளில் ஸ்க்ரோல் ஏரியா என்பதில் ஏ1:எச்600 என்று கொடுப்பது. அந்த எல்லைக்கு வெளியே நகரவும் முடியாது, கிளிக் செய்யவும் முடியாது. ஃபைலை மூடித் திறந்தால் இது போய்விடும். நிலையாக வேண்டுமென்றால் ஃபைல் திறக்கும்போதெல்லாம் இதைப் போடும் ஒரு வரி மேக்ரோ (தானாக ஓடும் சின்ன நிரல்) எழுத வேண்டும்.

முகவரி நீளமாக இருக்கும் ஷீட்டில் மட்டும் ஓட்டம் குதித்துக் குதித்து வருகிறது.

ஒரு செல்லுக்குள் நாலு வரி முகவரி இருந்தால் வரிசையின் உயரம் கூடிவிடும். பழைய எக்செல் ஒவ்வொரு வரிசையையும் முழுதாகத்தான் நகர்த்தும், பாதி வரிசை திரையின் மேலே நிற்காது. அதனால் உயரமான வரிசை வரும்போதெல்லாம் ஒரு குதி. புதிய மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லில் சக்கரத்தாலோ ஸ்க்ரோல் பாராலோ நகர்த்தும்போது வழுக்கிக்கொண்டு போகும். பழையதை வைத்திருப்பவர்கள், நீளமான எழுத்தைச் செல்லுக்குள் மடித்துக் காட்டும் ராப் டெக்ஸ்ட்டை எடுத்துவிட்டு வரிசை உயரத்தை ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு, தேர்வு வேலை முடிந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூம் குறைப்பதும் உதவும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டி 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஒரே திரையில் நிறைய வரிசை தெரியும். விளிம்பைத் தாண்ட வேண்டிய அவசியமே பாதி நேரம் இருக்காது. எழுத்து படிக்க முடியாது, ஆனால் எல்லை தெரியும்.

ஆரம்பமும் முடிவும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டும். முடியுமா?

ஏ நெடுவரிசையில், திரையின் நடுவில் இருக்கும் ஒரு செல்லில் நின்று, வியூ மெனுவில் ஸ்ப்ளிட். ஷீட் மேலும் கீழுமாக இரண்டு பாகமாகும், ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். மேல் பாகத்தில் தொடக்க வரிசை, கீழ் பாகத்தில் முடிவு வரிசை. மேலே கிளிக், கீழே ஷிஃப்ட் + கிளிக். சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்ற கண்டிப்பான முதலாளி இருக்கும் இடங்களில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் டச்பேடில் இழுக்கவே வரவில்லை, அக்கா.

டச்பேடில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு இன்னொரு விரலால் இழுப்பது யாருக்குமே சிரமம்தான். அதுவும் வேலூர் சித்திரை வெயிலில் விரல் வேர்த்து வழுக்கும்போது சொல்லவே வேண்டாம். விண்டோஸ் மௌஸ் பண்புகளில் கிளிக்லாக் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால், பட்டனைச் சற்று நேரம் அழுத்திவிட்டு விட்டாலும் அழுத்தியபடியே இருப்பதாக எடுத்துக்கொள்ளும். விடுவிக்க இன்னொரு கிளிக். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் இது வரப்பிரசாதம்.

மௌஸ் பக்கமே போகாமல் ஷிஃப்ட் + பேஜ் டவுன் அழுத்தினால் திரை திரையாகத் தேர்வு நீளும். தாண்டினால் ஷிஃப்ட் + பேஜ் அப். அம்புக் கீயை அழுத்திப் பிடித்து ஓட்டுபவர்கள், அது பறக்கிறது என்று பட்டால், கண்ட்ரோல் பேனலில் கீபோர்டு பகுதியில் ரிப்பீட் ரேட்டைக் குறைக்கலாம். இழுப்பதற்கு இல்லாத வேகக் கட்டுப்பாடு கீபோர்டுக்கு இருக்கிறது.

அம்புக் கீயை அழுத்தினால் செல் நகராமல் ஷீட் மட்டும் நகர்கிறது.

ஸ்க்ரோல் லாக் ஆன் ஆகியிருக்கிறது. கீபோர்டில் அந்த கீ இல்லையென்றால் விண்டோஸின் ஆன்ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து அதில் அணையுங்கள்.

லிப்ரே ஆபீஸில்?

கால்க் ஷீட்டிலும் நேம் பாக்ஸ், ஷிஃப்ட் + கிளிக், எஃப்8, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கீழ் அம்பு எல்லாம் உண்டு. இழுக்கும் வேகத்தைப் பற்றிய புலம்பலும் அங்கே உண்டு.

கூகுள் ஷீட்ஸில்?

புதிய ஷீட் 1,000 வரிசையோடுதான் வரும். அதனால் ஓடினாலும் அங்கே போய் முட்டி நிற்கும். வேண்டுமானால் அடியில் இருக்கும் பட்டனால் வரிசை சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ஃபைலில் மொத்தம் ஒரு கோடி செல் வரை இடம் உண்டு. தேவையில்லாத காலி வரிசைகளை நிஜமாகவே அழித்துவிட முடியும் என்பது எக்செல்லில் இல்லாத வசதி. 600 வரிசை போதுமென்றால் 601 முதல் 1,000 வரை அழித்துவிடுங்கள், அதற்குக் கீழே ஷீட்டே இருக்காது. நேம் பாக்ஸில் வரம்பை அடிப்பதும் ஷிஃப்ட் + கிளிக்கும் இங்கேயும் வேலை செய்யும்.

சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டரை ரிமோட்டில் எடுத்து வேலை செய்கிறேன். விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அது எக்செல் குற்றம் இல்லை. நீங்கள் பார்க்கும் திரை அங்கே நடப்பதைவிடச் சற்றுப் பின்தங்கி வருகிறது. 480 என்று இங்கே தெரியும்போது அங்கே 700 ஆகியிருக்கும். நெட் வேகம் கூடினாலும் இழுப்பதை நம்பாதீர்கள். ரிமோட்டில் நேம் பாக்ஸ் மட்டும்தான்.

போனில்?

எக்செல் ஆப்பில் செல்லைத் தொட்டால் மூலைகளில் சின்ன வட்டங்கள் வரும், அவற்றை இழுத்தால் தேர்வு நீளும். பத்துப் பதினைந்து வரிசைக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.